நிக்கோலாஸோடு யார் வருகிறார் என்று முதலில் கேளுங்கள்

மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த டிசம்பர் 5ஆம் தேதி ராத்திரியை நான் இன்னும் மறக்கவில்லை. ஆஸ்திரியாவில், காஸ்டைன் பள்ளத்தாக்கில், ஒரு சின்னத் தங்குவிடுதியின் மாடியறை. வெளியே பனி. நாலு வயது மகளை மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கீழே தெருவில் எங்காவது மணிச்சத்தம் கேட்டால் போதும், தூக்கத்திலேயே அவள் உடம்பு தூக்கிப்போடும். என் மூக்குக்கண்ணாடி உடைந்துபோயிருந்ததால் கைபேசியைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. கணவர் சென்னையில், மாமியாரின் அறுவைச் சிகிச்சைக்காகப் போயிருந்தார். அங்கே நடுராத்திரி தாண்டியிருந்தது. எழுப்பி என்ன சொல்வது? குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கும் புனிதரைக் காட்டக் கூட்டிவந்தேன், இப்படி ஆகிவிட்டது என்றா? யாராவது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன், இல்லையென்றால் வேறு மாதிரி போயிருப்பேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேலைக்கோ படிப்புக்கோ இந்தப் பக்கம் வந்து, சின்னப் பிள்ளைகளோடு முதல் டிசம்பரைப் பார்க்கப்போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் இருப்பது மியூனிக்கில். மகளைக் கிண்டர்கார்டனில் சேர்த்த முதல் வருடம், டிசம்பர் பிறந்ததுமே டீச்சர் ஒரு சீட்டு கொடுத்தனுப்பினார். 5ஆம் தேதி இரவு பிள்ளையின் பூட்ஸைத் துடைத்து வாசலில் வையுங்கள் என்று இருந்தது. வைத்தோம். காலையில் அதற்குள் மாண்டரின் ஆரஞ்சு, அக்ரூட், தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் (ராத்திரி நான்தான் போட்டேன்). 6ஆம் தேதி புனித நிக்கோலாஸ் திருநாள். சிவப்புச் சட்டையும் தொப்பையுமாக வரும் கிறிஸ்துமஸ் தாத்தாவோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர் நாலாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் டெம்ரே என்று சொல்லப்படும் மீரா நகரத்தின் ஆயர். ஆயர் அணியும் கூரான உயரத் தொப்பி, வளைந்த கோல், பிள்ளைகளின் நல்லது கெட்டது எழுதிய பொன்னிறப் புத்தகம், இவற்றோடுதான் வருவார். இவரைப் பற்றிய கதைகளில் ஒன்று நம் ஆட்களுக்குச் சட்டென்று புரியும். மூன்று பெண்களுக்குச் சீர் கொடுக்க வழியில்லாமல் ஒரு அப்பா தவிக்கிறார். நிக்கோலாஸ் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் அந்த வீட்டு ஜன்னல் வழியாகப் பொன்முடிப்பை எறிந்துவிட்டுப் போகிறார். இந்தக் கதையை மகளுக்கு எத்தனை தடவை சொன்னேனோ. அவள் அவருக்கு 'ஜன்னல் தாத்தா' என்றே பெயர் வைத்துவிட்டாள்.

அடுத்த வருடம் கூட வேலை பார்க்கும் ஒரு பெண், தன் சொந்த ஊரான காஸ்டைனில் நிக்கோலாஸ் வீடு வீடாக வருவார், நேரில் பார்க்கவேண்டிய விஷயம் என்றாள். "கிராம்புஸும் வருவான்" என்று சிரித்தாள். பழைய வாழ்த்து அட்டைகளில் சிவப்பு நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு முளைத்த உருவம்தான் கிராம்புஸ், அதை நான் பார்த்திருக்கிறேன். நூறு வருடத்துக்கு மேலாக அப்படி அட்டை அச்சடிக்கிறார்கள். பிள்ளைகளைச் சிரிக்கவைக்கும் கோமாளி வேஷம்போல என்று நினைத்துக்கொண்டேன். மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு ராத்திரிக்கு 260 யூரோ, ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற அறையை, முப்பது யூரோ குறைகிறதே என்று பிடித்தேன். ரயிலிலும் அதே புத்தி. குறிப்பிட்ட ரயிலில் மட்டும் ஏறக்கூடிய மலிவு டிக்கெட் எடுத்தேன். குழந்தையோடு போகும்போது இந்த இரண்டையும் செய்யாதீர்கள். பாதியில் கிளம்பவேண்டி வரும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது.

5ஆம் தேதி சாயங்காலம் ஆறரை மணி. விடுதிக்கார அம்மா எல்லாரையும் கீழே கூடத்துக்குக் கூப்பிட்டார். மரப்பலகை அடித்த அறை, மூலையில் சுவரோடு சேர்ந்த பெஞ்சு, அதற்கு முன்னால் கனமான மேசை. அவர் வீட்டுப் பேரப்பிள்ளைகள் எல்லாம் மேசைக்குப் பின்னால் சுவரை ஒட்டி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கதவுப் பக்கம் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. இடம் தாராளமாக இருக்கிறதே என்று நான் அங்கே உட்கார்ந்துவிட்டேன். அந்த நாற்காலிகள் ஏன் காலியாக இருந்தன என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

முதலில் நிக்கோலாஸ் வந்தார். கூடவே வெள்ளை உடையில் ஒரு தேவதை, முதுகில் கூடை சுமந்த ஒருவர். மகள் முகம் மலர்ந்து, "ஜன்னல் தாத்தா கதவு வழியா வந்துட்டாரும்மா" என்று என் காதில் சொன்னாள். அவர் ஒவ்வொரு பிள்ளையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நல்லதும் குறையும் சொல்லி, ஒரு பாட்டோ ஜெபமோ சொல்லவைத்து, கூடையிலிருந்து பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். மகளுக்கும் கிடைத்தது. அந்தப் பத்து நிமிடம் அவ்வளவு அழகு. அப்புறம் வெளியே ஒரு சத்தம். நம் ஊர் மாட்டுவண்டி மணியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஆட்டினால் எப்படி இருக்கும்? அப்படி. கதவு படாரென்று திறந்தது. ஆளுயரத்துக்கு மேல் கொம்புகளும் கன்னங்கரேல் ரோமமுமாக நாலைந்து உருவங்கள் உள்ளே பாய்ந்தன. உறுமல், ஈரத் தோல் வாசனை, இடுப்பு மணிகளின் இடி. கதவருகே இருந்த முதல் ஆள் நான். மகளை அள்ளிக்கொண்டு எழுந்தேன், நாற்காலி சாய்ந்தது, கண்ணாடி கழன்று யாரோ ஒருவர் காலடியில் போனது. கெண்டைக்காலில் சுளீர் என்று ஒரு அடி. குச்சிகளைக் கட்டிய விளாறு. நான் போட்டிருந்தது மெல்லிய லெக்கிங்ஸ். அதைவிட, ஒரு முகமூடி குனிந்து மகளின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றதுதான் என் கண்ணிலேயே நிற்கிறது. அவள் கத்தவில்லை. மூச்சே வராமல் வாயைத் திறந்தபடி இருந்தாள். நிக்கோலாஸ் கோலைத் தரையில் தட்டியதும் எல்லாரும் வெளியேறினார்கள். மொத்தம் இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கும். மேசைக்குப் பின்னால் இருந்த பிள்ளைகள் பயமும் சிரிப்பும் கலந்து கும்மாளம் போட்டார்கள். என் பிள்ளை என் தோளில் விறைத்துக் கிடந்தாள்.

மறுநாள் காலை முதல் ரயிலிலேயே கிளம்பிவிட்டேன். தங்காத ராத்திரிக்கு 130 யூரோ போயிற்று. பழைய டிக்கெட் செல்லாது, புதிதாக எடுத்ததற்கு 74. புதுக் கண்ணாடிக்கு 210. ஆக 414 யூரோ. பணம் போனது வருத்தம்தான், அது அடுத்த சம்பளத்தில் சரியாகிவிட்டது. மகள் சரியாவதற்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. மியூனிக் வந்த இரண்டாம் நாள் காலை, வழக்கம்போல விளக்கேற்றிப் பூஜை மணியை எடுத்து ஆட்டினேன். படுக்கையறையிலிருந்து அப்படி ஒரு அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் ஒண்டிக்கிடக்கிறாள். அன்றிலிருந்து மார்கழி பாதி வரை எங்கள் வீட்டில் மணியில்லாமல்தான் பூஜை. இன்னொன்றும் சொல்லவேண்டும். சோறு ஊட்டும்போது "சாப்பிடலைன்னா பூச்சாண்டி வருவான்" என்று நானும் சொல்லி வளர்த்தவள்தான். உண்மையிலேயே ஒரு பூச்சாண்டி வந்து நின்றதும் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, நீதானே கூப்பிட்டாய் என்பது போல இருந்தது. அதற்கப்புறம் அந்தச் சொல் என் வாயில் வந்ததில்லை.

குழந்தை மருத்துவரிடம் போனேன். அவர் சொன்ன இரண்டு விஷயங்கள் உதவின. 'அதெல்லாம் ஒன்றும் இல்லை, மறந்துவிடு' என்று சொல்லாமல், அவள் சொல்லச் சொல்லக் கேட்கவேண்டும். அதை வரையவைக்க வேண்டும். முதல் படத்தில் கொம்பும் பல்லும் மட்டும் இருந்தன. ஏழெட்டுப் படம் கழித்து அந்த உருவத்துக்குக் காலில் பூட்ஸ் வந்தது. "பூட்ஸ் போட்டிருந்தாரும்மா, அப்பா பூட்ஸ் மாதிரி" என்றாள். உள்ளே ஒரு மனுஷன் இருக்கிறார் என்று அவளாகவே அன்று கண்டுபிடித்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் இதைப் பற்றியே படித்தேன், கண்டவர்களிடமெல்லாம் கேட்டேன். புரிந்தது இதுதான்: இந்த நாடுகளில் நிக்கோலாஸ் தனியாக வருவது குறைவு. பரிசு கொடுப்பது அவர் வேலை. கண்டிப்பதும் மிரட்டுவதும் கூட வருகிறவர் வேலை. அந்தக் கூட வருகிறவர் ஊருக்கு ஊர், பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறுகிறார். வட ஜெர்மனியில் க்னெஹ்ட் ரூப்ரெஹ்ட். பழுப்பு அங்கியும் தாடியுமாக ஒரு பணியாள் மாதிரி. சுவிட்சர்லாந்தில் நிக்கோலாஸுக்கு சாமிக்ளாவுஸ் என்று பெயர், கூட வருபவர் ஷ்முட்ஸ்லி. கரி பூசிய முகத்தோடு கடலை மூட்டையைச் சுமந்து வருகிறவர். பிரான்சின் லொரேன் பக்கம் பெர் ஃபுவெத்தார், சாட்டைக்காரர். செக் நாட்டில் டிசம்பர் 5 சாயங்காலம் மிக்குலாஷ், ஒரு தேவதை, ஒரு பிசாசு என்று மூவராகத் தெருவில் வருவார்கள். பவேரியாவின் பெர்ஹ்டஸ்காடன் பக்கம் பட்ன்மாண்டல் என்று ஒரு வகை. தலை முதல் கால் வரை வைக்கோலைச் சுற்றிக் கட்டி, முதுகில் பெரிய மாட்டுமணிகளோடு வருவார்கள். ஆஸ்திரியாவின் கிழக்கு திரோலில் கிளாவ்பாவுஃப் என்பவர்கள் வீட்டுக்குள் நுழைந்து மேசையையே வெளியே இழுக்கப் பார்ப்பார்கள், வீட்டார் விடமாட்டார்கள், உண்மையான மல்லுக்கட்டு. அதற்குக் குழந்தையைக் கூட்டிப்போகவே போகாதீர்கள். ஜனவரி முதல் வாரம் வரை பெர்ஹ்டன் என்ற முகமூடி ஊர்வலங்களும் நடக்கும். பார்க்க கிராம்புஸ் மாதிரியே இருந்தாலும் அது குளிர்காலத்தை விரட்டும் வேறு வழக்கம், நிக்கோலாஸுக்கு அதில் வேலையில்லை. காஸ்டைனில் அது நாலு வருடத்துக்கு ஒரு முறை.

எனவே அறை பிடிக்கும் முன்பே கேட்கவேண்டிய கேள்வி, "உங்கள் ஊரில் நிக்கோலாஸோடு யார் வருகிறார்கள்?" என்பதுதான். அதோடு, வீட்டுக்குள் வருவார்களா, தெருவோடு போய்விடுவார்களா என்றும் கேளுங்கள். நகரங்களில் நடப்பது பெரும்பாலும் ஊர்வலம். பல இடங்களில் தடுப்புக் கம்பி இருக்கும், இரண்டாவது மூன்றாவது வரிசையில் நின்றால் யாரும் தொடமாட்டார்கள். மியூனிக் மரியன்பிளாட்ஸ் சந்தையில் பிற்பகல் வெளிச்சத்திலேயே ஒரு கிராம்புஸ் ஊர்வலம் நடக்கிறது. நாங்கள் அதை முதலில் பார்த்திருந்தால் எவ்வளவோ தேவலை. காஸ்டைனில் அப்படி இல்லை. அங்கே 'பாஸ்' என்று சொல்லும் சின்னக் குழுக்கள் 5, 6 தேதிகளில் வீடு வீடாகப் போகின்றன. நிக்கோலாஸ், தேவதை, கூடைக்காரர், கிராம்புஸ்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் ஒரு பாஸ். வழியில் இரண்டு குழு சந்தித்தால் கிராம்புஸ்கள் தோளோடு தோள் முட்டிக்கொள்வார்கள், நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கால்களுக்குத் தடித்த ஜீன்ஸ், முழங்கால் வரை பூட்ஸ். அடி விழுவது காலில்தான். வீட்டுக்குள் என்றால் மேசைக்குப் பின்னால், சுவரை ஒட்டி. உள்ளூர்ப் பிள்ளைகள் எங்கே உட்கார்கிறார்களோ அங்கே உங்கள் பிள்ளையையும் உட்காரவையுங்கள். கொம்பைப் பிடித்து இழுப்பது, முகமூடியைக் கழற்றப் பார்ப்பது கூடவே கூடாது. அந்தச் சின்னத் துவாரங்கள் வழியாக அவர்களுக்கு முன்னால் இருப்பதுகூடச் சரியாகத் தெரியாது, தடுமாறி விழுந்தால் கழுத்து போய்விடும். சில ஊர்களில் ஒவ்வொரு வேஷக்காரருக்கும் எண் கொடுத்திருப்பார்கள். யாராவது அத்துமீறினால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு நடத்துகிறவர்களிடம் சொல்லலாம். பிள்ளை மூன்று நாலு வயதென்றால் முதல் தடவை வேறு இடத்துக்குப் போவது நல்லது. சுவிட்சர்லாந்தில் க்யூஸ்நாஹ்ட் ஊரின் க்ளாவுஸ்யாகன் ஊர்வலத்தில் ஊர் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஆயர் தொப்பி வடிவில் ஆளுயரக் காகித விளக்குகளைத் தலையில் தாங்கி வருவார்கள். பின்னாலேயே மணிகளும் கொம்பு வாத்தியமும். சத்தம் அதிகம்தான், காதை அடைத்துக்கொள்ள ஏதாவது கொண்டுபோங்கள். ஆனால் பயமுறுத்தல் இல்லை. நெதர்லாந்தில் சிண்டர்கிளாஸ் நவம்பர் நடுவில் கப்பலில் வந்து இறங்குவார், டிசம்பர் 5 இரவு பரிசு. அங்கே கூட வரும் பீட் வேடத்துக்கு முகத்தில் முழுக் கருப்பு பூசுவது பெரிய சர்ச்சையாகி, இப்போது பல ஊர்களில் புகைக்கரித் தீற்றலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நம் நிறத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். என்ன பதில் சொல்வது என்று வீட்டிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் அக்டோபரில் மகளே கேட்டாள், "அந்த பூட்ஸ் மாமா யாரும்மா?" எனக்கு வயிறு கலங்கியது. விடுதிக்கார அம்மாவுக்கு போன் செய்தேன். நாங்கள் ஏன் சொல்லாமல் கிளம்பினோம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் நவம்பர் முழுக்கக் கதை சொல்லி, முகமூடியைத் தொட்டுப்பார்க்கவைத்துத்தான் உட்காரவைக்கிறோம். உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்" என்றார். நவம்பர் கடைசியில் ஒரு நாள் வரச்சொன்னார். இந்த முறை கணவரும் வந்தார். ரத்து செய்யக்கூடிய அறை, எந்த ரயிலிலும் ஏறக்கூடிய டிக்கெட்.

முகமூடி செதுக்கும் ஒருவரின் பட்டறைக்குக் கூட்டிப்போனார். உள்ளே நுழைந்ததுமே பிசின் வாசனை. சிர்ப என்று சொல்லும் மலைப் பைன் மரம். எடை குறைவு, செதுக்க மெத்தென்று இருக்கும் என்றார் அவர். பாதி செதுக்கிய முகம் ஒன்று பலகையில் கிடந்தது: மூக்கு முடிந்துவிட்டது, வாய் இன்னும் பென்சில் கோடாகத்தான் இருந்தது. மகள் முதலில் என் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் கண்டுகொள்ளாமல் தன் வேலையைச் செய்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு சுருள் மரச்சீவல் அவள் காலடியில் வந்து விழுந்தது. எடுத்து முகர்ந்தாள். இன்னொன்று எடுத்தாள். அரை மணி கழித்து அந்த முகமூடியின் உட்புறத்துக்குள் கையை விட்டு, நெற்றி படும் இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வந்திருந்த ஒரு பையன், பத்தொன்பது வயதிருக்கும், அந்த வருடம் வேஷம் போடுகிறவன். அவள் கண்ணெதிரிலேயே தலையில் மாட்டி, உடனே கழற்றினான். முடியெல்லாம் கலைந்து, முகம் சிவந்து. "உனக்கு வேர்க்காதா?" என்று ஜெர்மனில் கேட்டாள். "ரொம்ப" என்றான் அவன்.

டிசம்பர் 5 அன்று அதே கூடம். மேசைக்குப் பின்னால், விடுதிக்கார அம்மாவின் பேத்திகள் இருவருக்கும் நடுவில் மகள். அவள் பயந்தால் உடனே வெளியேறலாம் என்று நாங்கள் பேசிவைத்திருந்தோம். என் உள்ளங்கையை இரண்டு தடவை அழுத்தினால் போதும். நிக்கோலாஸிடம் அவள் சொன்ன பாட்டு நம் ஊர் 'நிலா நிலா ஓடி வா'. அவர் முழுவதும் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். மணிச்சத்தம் நெருங்கியதும் என் கையைப் பிடித்தாள். ஒரு தடவை அழுத்தினாள். கதவு திறந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள், கை நடுங்கியது, ஆனால் இரண்டாவது அழுத்தம் வரவில்லை. அவர்கள் வெளியே போன பிறகு கண்ணைத் திறந்து, "வேர்த்திருக்கும், பாவம், தண்ணி குடுத்தாங்களாம்மா?" என்று கேட்டாள்.

இந்த வருடம் பெர்ஹ்டஸ்காடன் போகலாம், வைக்கோல் மாமாக்களைப் பார்க்கணும் என்கிறாள். போன வாரம் அங்கே ஒரு வீட்டுக்கு போன் செய்து, நிக்கோலாஸோடு யார் வருகிறார்கள், உள்ளே வருவார்களா, எத்தனை மணிக்கு என்று கேட்டேன். சிறு பிள்ளை இருக்கிறது என்று முன்னமே சொல்லிவிட்டால் வாசலோடு நின்றுவிடுவார்களாம். சொல்லிவிட்டேன்.